எந்த செமஸ்டரில் சொன்னது? ஜெர்மன் பல்கலையின் சூழலை இங்கிருந்தே கணிப்பது

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாள் தவறாமல் வரும் கேள்வி: "அந்த யுனி எப்படி இருக்கும்?" பதில் இரண்டே வகைதான். "செம யுனி ப்ரோ, கண்ணை மூடிட்டுப் போலாம்" என்பது ஒன்று. "தயவுசெஞ்சு போயிடாதீங்க, பாஸ் பண்ணவே விடமாட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டையும் படித்துவிட்டுக் கேட்டவர் பழையபடி ரேங்கிங் பட்டியலைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பட்டியலோ பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளையும் பெயரையும் எடைபோடுவது. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மாணவர்கள் பேசுவதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான்கு விவரங்கள் கூடவே வராத பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்னவர் எந்தப் பாடப்பிரிவு, எந்த ஆண்டு சேர்ந்தவர், எந்த வளாகத்தில் படிக்கிறார், சொல்லும்போது எத்தனையாவது செமஸ்டரில் இருந்தார்? இவை தெரிந்துவிட்டால் புலம்பல்கூட உதவும். அடுத்து பல்கலை தானே வெளியிட்டிருக்கும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று அது காட்டிவிடும்.

முதல் சிக்கல், பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே படிக்கிறவர்களே இல்லை. நம் பட்டமும் மார்க் ஷீட்டும் அசல்தானா என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. அதற்காகக் காத்திருக்கிறவர்கள், அட்மிட் வந்து விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், இவர்களுக்கு வழிகாட்டும் கன்சல்டன்சி ஆட்கள் என்று குழு நிறைந்திருக்கும். கேள்விப்பட்டதை மூன்றாவது கையாகச் சொல்கிறவர் தவறான எண்ணத்தோடு சொல்வதில்லைதான். "அங்க ரூம் கிடைக்காதாம்", "அந்த புரொஃபசர் ஃபெயில் போடுவாராம்" என்று 'ஆம்' விகுதியோடு வரும் வாக்கியங்களை அப்படியே தாண்டிப் போய்விடலாம். தனியார் கல்லூரிகள் ஆள் சேர்த்துவிடுகிறவர்களுக்குக் கமிஷன் தருவதுண்டு. அரசுப் பல்கலைகளில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. குழுவை நடத்துபவர் எதை ஓங்கிப் புகழ்கிறார் என்று பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாதம். வின்டர் செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முற்பாதியில் முடியும். பிறகு மார்ச் வரை தேர்வுகள். சம்மர் செமஸ்டர் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலையில் முடிந்து, அதன் பின் தேர்வுகள். பேச்சின் தொனி இந்தக் காலண்டரை ஒட்டியே ஏறி இறங்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எல்லாப் பல்கலையும் "ரூமே கிடைக்காத நரகம்". பிப்ரவரியிலும் ஜூலையிலும் எல்லாப் பேராசிரியரும் கொடுமைக்காரர். நவம்பர், டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதங்களில் "இங்க யாரும் பேசமாட்டாங்க, தனியா இருக்கு" என்ற பதிவுகள் குவியும். மே மாதத்தில் அதே ஆட்கள் ஆற்றங்கரையில் கிரில் போட்டுப் படம் ஏற்றுவார்கள். ஒரு பல்கலையைப் பற்றி இரண்டு வருடப் பேச்சைத் தேடியெடுத்து மாதவாரியாகப் பிரித்து வைத்தால், பருவத்தோடு வந்து போகும் புலம்பல் எது, மே மாதத்திலும் நவம்பரிலும் விடாமல் வரும் புகார் எது என்று தெரிந்துவிடும். இரண்டாவது வகைதான் அந்த இடத்துக்கே உரியது.

ஆண்டையும் பார்க்க வேண்டும். "மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் ஃபீஸ் கிடையாது, அதனால எல்லா நாட்டுப் பசங்களும் வருவாங்க" என்ற பழைய பதிவு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2024-25 வின்டர் செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களிடம் அந்தப் பல்கலை மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் வாங்குகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க், ஃபிரைபுர்க் எல்லாம் இந்த மாநிலம்தான். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்பே போட்டுவிட்டு மாதாமாதம் எடுக்கும் பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டிய தொகையும் 2024 செப்டம்பரில் 11,208 யூரோவிலிருந்து 11,904 ஆனது. வெளிநாட்டு மாணவர் வேலை செய்யும் வரம்பு 2024 மார்ச்சில் ஆண்டுக்கு 120 முழுநாளிலிருந்து 140 ஆனது. அரைநாள் கணக்கில் 280. பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சும் 2024க்கு முந்தையது என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். அதே காலத்தில் வகுப்புகளைப் பற்றிச் சொன்னது இன்னும் செல்லுபடியாகலாம். கொரோனா செமஸ்டர்களில் சேர்ந்தவர்கள் சொல்வது மட்டும் வேறு கணக்கு. 2020, 2021இல் பல இடங்களில் தேர்வு விதிகளையே தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தார்கள். அவர்கள் வகுப்பறையைப் பார்த்ததே குறைவு.

வளாகக் குழப்பம் இன்னும் வேடிக்கை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையின் கணினியியல், இயந்திரவியல் வகுப்புகள் நகருக்கு வடக்கே கார்ஷிங்கில் நடக்கின்றன. நகர மையத்திலிருந்து யூ6 ரயிலில் ஏறினால் அரைமணி நேரம். அதே பல்கலைக்கு ஹைல்ப்ரோனிலும் வளாகம் இருக்கிறது. அது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பவேரியாவுக்கு வெளியே, வேறு மாநிலத்தில். "மியூனிக் வாழ்க்கை" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் எது என்று கேட்டே தீர வேண்டும். கார்ல்ஸ்ரூஹேயில் 2009இல் பல்கலையும் ஆராய்ச்சி மையமும் ஒன்றாகி கேஐடி ஆனது. வடக்கு வளாகம் நகரத்துக்கு வெளியே காட்டை ஒட்டி இருக்கிறது. வகுப்புகள் பெரும்பாலும் நகருக்குள்ளிருக்கும் தெற்கு வளாகத்தில். தீசிஸை வடக்கில் செய்கிறவரும் முதல் செமஸ்டரைத் தெற்கில் படிக்கிறவரும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வேறு இடங்களை வர்ணிப்பார்கள்.

யுனிவர்சிட்டி, ஹோக்ஷூல (தொழில் சார்ந்த பயன்பாட்டுப் பல்கலை), தனியார் என்ற மூன்றையும் நம் ஆட்கள் "யுனி" என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். ஹோக்ஷூலவில் வகுப்பு சிறியது, செய்முறைப் பாடம் அதிகம், பேராசிரியர்கள் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். பெரிய பல்கலையில் நானூறு பேர் அமரும் அரங்கில் பாடம் நடக்கலாம். ஹோக்ஷூலவில் படித்தவர் "புரொஃபசர் பேரைச் சொல்லியே கூப்பிடுவார்" என்றால் அதைப் பெரிய பல்கலைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஒரு நிறுவனம் அரசுடையதா தனியாரா என்பதை ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அரசுப் பல்கலையிலேயே கட்டணம் வாங்கி நடத்தும் மேற்பயிற்சி மாஸ்டர்ஸ் பிரிவுகளும் உண்டு. அவற்றில் படிக்கிறவர்கள் பலர் வேலையில் இருப்பவர்கள். சூழலும் அதற்கேற்ப மாறும்.

இனி தேர்வு. பயமும் வதந்தியும் கோபமும் அதிகம் பிறக்கும் இடம் இதுதான். நாலு பக்கம் படித்தால் தெளிந்துவிடும் இடமும் இதுதான்.

நம்மூர் இன்ஜினீயரிங் கல்லூரியில் இன்டர்னல் மார்க் உண்டு, அரியர் வைத்துவிட்டு அடுத்த செமஸ்டரில் கிளியர் பண்ணலாம். அந்தப் பழக்கத்தோடு போகிறவருக்கு ஜெர்மன் முறை அடியோடு வேறு. பல பாடங்களில் செமஸ்டர் கடைசியில் நடக்கும் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண்ணையும் முடிவு செய்யும். வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது. மதிப்பெண் 1.0 முதல் 5.0 வரை, 1.0 சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி. தேர்வு எழுத வேண்டுமென்றால் போர்ட்டலில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். தவறவிட்டால் அந்த செமஸ்டரில் எழுத முடியாது. பதிவு செய்துவிட்டு, விலகும் கெடு முடிந்தபின் போகாமல் இருந்தால் பொதுவாக 5.0, உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்று உடனே போய்ச் சேர வேண்டும். இதற்கும் மேலே முயற்சி வரம்பு. பல இடங்களில் ஒரு தேர்வுக்கு மொத்தம் மூன்று முயற்சி. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பு அத்தோடு முடிந்தது. ஜெர்மனியின் வேறு பல்கலையிலும் அதே படிப்பில் சேர முடியாத நிலை வரும். தங்கும் அனுமதியும் படிப்போடு கட்டப்பட்டிருப்பதால் வீட்டுக்குப் போன் போடுகிற நிலைமை.

எல்லா இடத்திலும் இதே விதி இல்லை என்பதால்தான் பேச்சு குழம்புகிறது. கேஐடியில் எழுத்துத் தேர்வை ஒருமுறைதான் திரும்ப எழுதலாம். அதிலும் தவறினால் வாய்மொழித் தேர்வு ஒன்று. அதில் தேறினால் அதிகபட்சம் 4.0. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் ஒவ்வொரு தேர்வுக்கும் இத்தனை முயற்சி என்று எண்ணுவதைவிட, இத்தனையாவது செமஸ்டர் முடிவுக்குள் இத்தனை கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும் என்ற கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். ஓரிடத்து சீனியர் "எத்தனை தடவை வேணா எழுதலாம்டா" என்பதும் இன்னோரிடத்து சீனியர் "ஒரு பேப்பர் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இதைத் தீர்க்கும் ஆவணம் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங், அதாவது தேர்வு ஒழுங்குமுறை. ஒவ்வொரு பாடப்பிரிவின் பக்கத்திலும் பிடிஎஃப் ஆகக் கிடக்கும். சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் பிரதி. பல இடங்களில் ஆங்கிலப் பிரதியும் போட்டிருப்பார்கள். முழுதும் படிக்கத் தேவையில்லை. திரும்ப எழுதுதல், விலகல், பதிவுக் கெடு, தீசிஸ் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச கிரெடிட் என்ற நான்கு பிரிவுகள் போதும். திருத்தப்பட்ட தேதியையும் பாருங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்குப் பொருந்தும் பதிப்பு எது என்று முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ இருக்கும்.

இந்த அறிவோடு ஒரு புலம்பலைப் பிரித்துப் பார்ப்போம். இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்: "மூணு பேப்பர் காலி. புரொஃபசர் கண்டுக்கவே இல்ல. மெயில் போட்டா ரிப்ளை இல்ல. வேஸ்ட் யுனி."

மூன்று பேப்பர் எந்த செமஸ்டரில்? முதல் செமஸ்டர் என்றால் ஒரு விஷயம் கேட்க வேண்டும்: விசா தாமதமாகி நவம்பர் கடைசியில் வந்து இறங்கியவரா? ஆறு வாரப் பாடம் போயிருக்கும். அது விசா வரிசையின் கோளாறு; பல்கலையின் தலையில் போட முடியாது. எத்தனை பேப்பருக்குப் பதிவு செய்தார்? செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதாவது முழுச் சுமை 900 மணி நேரம் வரை. ஆறு பேப்பர் எழுதி மூன்று போனது வேறு, மூன்று எழுதி மூன்றும் போனது வேறு. அடுத்து, விடைத்தாளைப் போய்ப் பார்த்தாரா? திருத்திய தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு; அதற்கென்று ஒரு நாள் அறிவிப்பார்கள், அன்றைக்குப் போகாவிட்டால் பிறகு கேட்பது சிரமம். மெயில் யாருக்குப் போட்டார்? ஜெர்மன் பல்கலையில் ஒரு பேராசிரியரின் கீழ் ஒரு லேர்ஸ்டூல், அதாவது அவருடைய ஆய்வுப் பிரிவு, இயங்கும். பாடத்தின் அன்றாட வேலை, கணக்குப் பயிற்சி வகுப்பு, பெரும்பாலும் தேர்வுத் தாள் திருத்துவது எல்லாம் அங்கே ஆய்வு செய்யும் உதவியாளர்கள் கையில். அவர்களுக்கு எழுதினால் பதில் வரும்; பேராசிரியருக்கு எழுதினால் மெயில் கிணற்றில் போட்ட கல்தான். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்கான பதில் வந்து, அதன் பிறகும் புகார் நிற்கிறது என்றால், அதே பாடத்தைப் பற்றி வேறு ஆண்டு சேர்ந்த இன்னொருவரும் அதையே சொல்கிறார் என்றால், அப்போது அதை நம்புங்கள். முதல் செமஸ்டரில் அந்தப் பாடத்தை எடுக்காமல் தள்ளிப்போட வழி உண்டா என்று பார்ப்பது அடுத்த வேலை.

அதைப் பார்க்க இரண்டு ஆவணங்களை அருகருகே வைக்க வேண்டும். ஒன்று மொடூல்ஹான்ட்புக், அதாவது பாடக் கையேடு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிரண்டு பக்கம்: கிரெடிட், பயிற்று மொழி, தேர்வு எழுத்தா வாய்மொழியா, எத்தனை நிமிடம், எந்த செமஸ்டரில் நடக்கும் என்று போட்டிருக்கும். இன்னொன்று அந்தந்த செமஸ்டரின் பாட அட்டவணை. பல பல்கலைகளில் லாகின் இல்லாமலே பார்க்கலாம். கையேட்டில் ஐம்பது எலெக்டிவ் இருக்கும். கடந்த இரண்டு செமஸ்டர் அட்டவணையில் அவற்றில் எத்தனை உண்மையில் நடந்தன, அவற்றிலும் எத்தனை ஆங்கிலத்தில் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். "இங்கிலீஷ் கோர்ஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இடைவெளிதான். கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். பிடித்த எலெக்டிவ் ஜெர்மனில் இருக்கும். உங்களை அங்கே இழுப்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட துறை என்றால் இந்த அரைமணி நேர வேலையைத் தட்டிக் கழிக்காதீர்கள். தேர்வு வாய்மொழியாக இருக்கும் பாடங்களையும் குறித்து வையுங்கள். அவற்றில் பெரும்பாலும் வகுப்பு சின்னதாக இருக்கும், பேராசிரியரும் முகம் கொடுத்துப் பேசுவார்.

எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள் என்பதை யாரும் குழுவில் நேர்மையாகச் சொல்வதில்லை. சொல்ல வெட்கம். நான்கு செமஸ்டர் என்று போட்டிருக்கும் படிப்பை ஐந்திலும் ஆறிலும் முடிப்பது அங்கே சாதாரணம். அதற்கு லிங்க்டுஇன் நல்ல வழி. பல்கலையின் பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதிக்குப் போய்ப் பாடப்பிரிவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இருபது பேரை எடுத்துச் சேர்ந்த மாதம், முடித்த மாதம், இடையில் செய்த வேலை, முடித்ததும் கிடைத்த முதல் வேலை, அது எந்த ஊர், ஜெர்மன் மொழி எந்த நிலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபதில் பதினைந்து பேர் மூன்று ஆண்டு எடுத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பலர் இடையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் போயிருப்பார்கள். வாரத்துக்கு இருபது மணி நேரம் வெர்க்ஸ்டூடன்டாக, அதாவது படித்துக்கொண்டே கம்பெனியில், வேலை பார்த்திருப்பார்கள். அது நல்ல தாமதம். அப்படி எதுவும் இல்லாமல் காலம் மட்டும் நீண்டிருந்தால் தேர்வுகளோ தீசிஸுக்கு வழிகாட்டி கிடைக்காததோ காரணமாக இருக்கலாம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பாதியில் விட்டவர்கள் லிங்க்டுஇன்னில் அதைப் போட மாட்டார்கள். "மாஸ்டர்ஸ் மாணவர்" என்று ஐந்து ஆண்டாக மாறாமல் கிடக்கும் சில பக்கங்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

ரூம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது பல்கலையைவிட ஊரைப் பொறுத்தது. விடுதிகளை நடத்துவது ஸ்டூடியரென்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. ஊருக்கு ஊர் காத்திருப்புக் காலம் மாறும். எத்தனை மாதம் என்று பல அமைப்புகள் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். மியூனிக்கில் விடுதி கிடைக்காமல் தனியார் அறைக்குப் போனால் மாதம் 992 யூரோ என்ற பிளாக்டு அக்கவுண்டுக் கணக்கில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற கிழக்கு ஊர்களில் வாடகை வெகுவாகக் குறைவு. ஆனால் பகுதிநேர வேலை, அதுவும் ஜெர்மன் தெரியாமல், அங்கே கிடைப்பது கடினம். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்ற புகாரும் நகராட்சி அலுவலகத்தின் மீதானது. பல்கலைக் கணக்கில் எழுத வேண்டாம், ஊர்க் கணக்கில் எழுதுங்கள். வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்டுச் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்கிறவர் மோசடிக்காரர், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். விலாசப் பதிவு செய்ய அனுமதிக்காத வாடகை அறையும் வேண்டாம். அந்தப் பதிவு இல்லாமல் தங்கும் அனுமதி வரை எல்லாம் இழுபறியாகும்.

பழகும் சூழலைப் பற்றி இரண்டு விஷயம். நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தில் வந்த முதல் வாரம் சோறு கிடைக்கும், பொங்கலுக்குப் பொங்கல் கிடைக்கும், விமான நிலையத்துக்கு யாராவது வருவார்கள். இதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு ஆண்டும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டு "ஜெர்மன்காரங்க பேசவே மாட்டாங்க" என்று எழுதுகிறவரும் அங்கேதான் கிடைக்கிறார். ஆங்கிலப் பாடப்பிரிவுகள் சிலவற்றில் வகுப்பில் ஜெர்மன் மாணவரே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: கடைசியாகச் செய்த குழு ப்ராஜெக்டில் யார் யார் இருந்தார்கள்?

இனவெறி பற்றிய பேச்சைப் புறந்தள்ளவும் கூடாது, ஊரையே ஒரு நிறத்தில் பூசவும் கூடாது. எங்கே, எத்தனை மணிக்கு, யார் செய்தது என்று பாருங்கள். இரவு டிராமில் குடிபோதைக்காரர் கத்தியது ஒரு வகை. வீடு பார்க்கப் போனால் பெயரைக் கேட்டதும் மறுப்பது இன்னொரு வகை. ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் நடத்தும் விதம் மூன்றாவது வகை. பல்கலையை எடைபோட வேண்டியது இதில்தான். புகார் கொடுத்தாரா, கொடுத்தபின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்கள் இந்தக் கேள்விகளை அங்கே படிக்கும் பெண்களிடமே கேட்பது நல்லது. விடுதியில் சமையலறையும் குளியலறையும் பொதுவா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து அறை வரை வெளிச்சம் உண்டா என்பதெல்லாம் அண்ணன்மார்களுக்குத் தோன்றவே தோன்றாது.

கேட்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. "யுனி எப்படி இருக்கும் அண்ணா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்பா" என்றுதான் வரும். முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் தோல்வியை யார் சொல்வார்? கருத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்டால் பதில் தானாக வரும். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணா. இந்த வின்டருக்கு உங்க கோர்ஸ்ல அட்மிட் வந்திருக்கு. மாட்யூல் ஹேண்ட்புக், எக்ஸாம் ரூல்ஸ் ரெண்டும் படிச்சிட்டேன். மூணே மூணு கேள்வி. முதல் செமஸ்டர்ல எத்தனை பேப்பர் ரெஜிஸ்டர் பண்ணீங்க, கடைசியில எத்தனை எழுதுனீங்க? தீசிஸுக்கு சூப்பர்வைசர் கிடைக்க எத்தனை மாசம் ஆச்சு? மறுபடி முதல்ல இருந்து எடுக்கச் சொன்னா எந்தப் பேப்பரை எடுக்க மாட்டீங்க? டைம் இருக்கும்போது வாய்ஸ் நோட் போட்டாக்கூடப் போதும் அண்ணா."

பதிவு செய்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பாடச் சுமையை அப்படியே சொல்லிவிடும். ஆறுக்குப் பதிவு செய்து மூன்று எழுதினேன் என்று வகுப்பில் பலரும் சொன்னால், நீங்களும் முதல் செமஸ்டரை நான்கோடு தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆள் மனம்விட்டுப் பேசுவார். கையேட்டைப் படித்துவிட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். கூகுள் பண்ணினால் கிடைப்பதைக் கேட்கும் ஜூனியர்களால் நொந்துபோயிருப்பார்கள். பிப்ரவரி, மார்ச், ஜூலை, ஆகஸ்டில் அனுப்பாதீர்கள். மே மாதமும் நவம்பரும் தோது.

நம் ஆட்களிடம் கேட்டு முடித்தபின் துறையின் மாணவர் பிரதிநிதிக் குழுவுக்கும் ஒரு மெயில் போட வேண்டும். ஃபாக்ஷாஃப்ட் என்று பெயர். ஒவ்வொரு துறைக்கும் உண்டு, முகவரி துறையின் தளத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் எழுதலாம். ஊதியம் வாங்காமல் வேலை செய்கிற மாணவர்கள், பல்கலைக்கு விளம்பரம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். சிலர் கூட்டக் குறிப்புகளைத் தளத்திலேயே போட்டிருப்பார்கள். உலாவியின் மொழிபெயர்ப்பில் வாசித்தால் எந்தப் பாடத்தைப் பற்றிப் பேராசிரியரோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது வரை தெரியும். பழைய வினாத்தாள் கிடைக்குமா, ஆங்கிலப் பிரிவு மாணவர்களுக்கு முதல் வார அறிமுக நிகழ்ச்சி தனியாக உண்டா என்று இரண்டு கேள்வி போதும். பழைய வினாத்தாளைப் பற்றி சீனியரிடமும் கேட்டிருந்தால் சில சமயம் பதில்கள் முட்டிக்கொள்ளும். சீனியர் "கொஸ்டின் பேப்பரெல்லாம் வெளிய விடமாட்டாங்க" என்றிருப்பார். ஃபாக்ஷாஃப்ட் "மாணவர் அட்டையோடு எங்கள் அறைக்கு வந்து வாங்கிக்கொள்" என்று எழுதியிருக்கும். சீனியர் பொய் சொல்லவில்லை. நம் வட்டத்தில் யாரும் அந்த அறைக்குப் போனதில்லை, அவ்வளவுதான். அந்த அறை எந்தக் கட்டடம், எந்த மாடி, வாரத்தில் எந்த நாள் திறந்திருக்கும் என்பதை அதே மெயிலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.